கச்சான் காத்துல செவன் அயர்ன்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு ஓரமா, ஸ்காட்லாந்து கடற்கரைல கால்ஃப் ஆடிட்டு வந்ததப் பத்தி நாலு வரி எழுதினேன், அவ்ளோதான். பாண்டிச்சேரி, கடலூர், நெய்வேலின்னு கேள்வியா வந்து குமிஞ்சு போச்சு, நம்ம பக்கம் இத்தனை பேரு ஆடுறாங்களான்னு ஆசிரியருக்கே ஆச்சரியம். வழக்கமா வர்ற வீட்டு அட்வான்ஸ் சண்டை, மாடித்தோட்டக் கேள்விலாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம். கால்ஃப் ஆடாதவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கும் ரெண்டு பதில் உள்ள இருக்கு.

லிங்க்ஸ் லிங்க்ஸ்னு சொல்றீங்களே, கடல் பக்கத்துல இருந்தா எல்லாமே லிங்க்ஸா? சென்னைல ஆடுறதுக்கும் அதுக்கும் அப்படி என்ன சார் வித்தியாசம்?
— மஞ்சக்குப்பம் வாசகர்

கடல் தெரிஞ்சா லிங்க்ஸ் ஆயிடாது. நீங்க மஞ்சக்குப்பம்ங்கறதால சொல்றது சுலபம், ஒரு நாள் காலைல தேவனாம்பட்டினம் போயி கடலுக்கு முதுக காட்டிட்டு நில்லுங்க. முன்னாடி மணல்மேடு, அதுல அடப்பங்கொடி ஊதாப் பூவோட படந்திருக்கும், கால்ல குத்துற ராவணன்மீசை புல்லு, அப்புறம் சவுக்கு, அதையும் தாண்டிப் போனாதான் உழுற நிலம். கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவுல, ஏர் ஓட்ட முடியாம மேடும் பள்ளமுமா கெடக்குற மணல் பட்டை இருக்கு பாருங்க, அந்த மாதிரி நிலத்துக்குத்தான் அவங்க ஊர்ல லிங்க்ஸ்னு பேரு. நம்ம பாஷைல சொன்னா நெய்தல் நிலத்து கால்ஃப்.

விவசாயத்துக்கு உதவாத நிலம், அதனால ஆடு மேஞ்சுது, முயல் வளை தோண்டுச்சு, காத்துக்கு ஒதுங்கி ஆடுங்க படுத்துப் படுத்துத் தேஞ்ச பள்ளம்தான் பிற்பாடு பங்கர்ங்கற மணல் குழி ஆச்சுன்னு சொல்வாங்க. மரம் கிடையாது. அடியில மணல்ங்கறதால எவ்ளோ மழை பேஞ்சாலும் தண்ணி இறங்கிடும், தரை எப்பவும் கெட்டியா இருக்கும், மேல ஃபெஸ்க்யூன்னு ஊசி மாதிரி மெல்லிசுப் புல்லு. சென்னைல நாம அடிச்சா பந்து பொத்துனு விழுந்து அங்கயே உக்காந்துக்கும், ஏன்னா தண்ணி விட்டு வளத்த மெத்தப் புல்லு. அங்க விழுந்ததுக்கு அப்புறம்தான் பந்துக்கு உயிரே வரும், குதிக்கும், ஓடும், மேட்டுல ஏறி யோசிச்சுட்டு திரும்பி உங்க கிட்டயே வரும். நல்லா அடிச்ச பந்து பங்கர்ல போய் படுத்துக்கும், கேவலமா அடிச்சது ஓட்டை இருக்கற கிரீன்ல போய் நிக்கும். இது ஒத்துக்காதவங்க பேங்காக் போயி ஆடுறதே மேல்.

நாங்க நாலு பேரு, எல்லாருமே டாக்டர், அம்பது தாண்டினவங்க, ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்துக்குக் குடுக்குற எண்ணு, கம்மியா இருந்தா நல்ல ஆட்டம்) 16-லேந்து 26 வரைக்கும். ஜூன்ல ஒம்பது நாள் லீவு கெடைக்கும். செயின்ட் ஆண்ட்ரூஸ், கார்னூஸ்டி, ட்ரூன், டர்ன்பெரி, டோர்னாக், அப்படியே அயர்லாந்து தாண்டி போர்ட்ரஷ், லஹிஞ்ச், பாலிபனியன். இந்த எட்டையும் முடிக்கிற மாதிரி ஒரு பிளான் போட்டுத் தரணும்.
— லாஸ்பேட்டை டாக்டர்

டாக்டர், இதே மாதிரி லிஸ்ட்டோட ஒரு பேஷன்ட் உங்க கிட்ட வந்து, எட்டு ஆபரேஷனையும் ஒரே வாரத்துல முடிச்சு விடுங்கன்னு சொன்னா என்ன சொல்வீங்க?

மேப்ப எடுத்து வெச்சுப் பாருங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ் கிழக்குக் கரை, ட்ரூனும் டர்ன்பெரியும் மேற்குக் கரை, டோர்னாக் வடக்க இன்வர்னஸுக்கும் மேல, செயின்ட் ஆண்ட்ரூஸ்லேந்து கார்ல மூணரை நாலு மணி நேரம். போர்ட்ரஷ் வட அயர்லாந்து, அதுக்குக் கப்பலோ ஃபிளைட்டோ புடிக்கணும். லஹிஞ்ச்சும் பாலிபனியனும் அயர்லாந்தோட மேற்கு ஓரம், போர்ட்ரஷ்லேந்து கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் டிரைவ். இது கால்ஃப் டூர் இல்ல, கொரியர் கம்பெனி வேலை.

சொல்றேன்னு நெனைக்காதீங்க, நானே பட்டவன். முதல் தடவ போனப்ப ஒரு டூர் ஏஜென்சி, பேரு வேணாம், ஏழு நாள்ல ஆறு கோர்ஸ்னு கலர் கலரா பிரிண்ட் அடிச்சுக் குடுத்தாங்க, நாங்களும் ஆஹா ஓஹோன்னு பணத்தக் கட்டிட்டோம். தினமும் காலைல ஆறு மணிக்கு வேன், மூணு மணி நேரம் ஓட்டம், எறங்குனதும் பேண்ட் பாக்கெட்ல கைய விட்டுட்டு டீயில, அதாவது முதல் அடி அடிக்கிற மேடைல, போய் நிக்கணும், உடம்பு சூடேறுறதுக்குள்ள ஆறு ஹோல் முடிஞ்சிருக்கும், அப்பதான் காத்து எந்தப் பக்கம்னே புரிய ஆரம்பிக்கும், பதினெட்டு முடிஞ்சதும் மறுபடி வேன். நாலாவது நாள் ஆடுன கோர்ஸ்ல பத்தாவது ஹோல் எப்படி இருந்துச்சுன்னு இப்ப கேட்டா எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா வேன் சீட் கவரோட டிசைன் நல்லா ஞாபகம் இருக்கு.

ரெண்டாவது தடவ நாங்களே பிளான் போட்டோம். ஒரே ஊரு, ஒரே வீடு, வாடகைக்கு. அதத்தான் உங்களுக்கும் சொல்வேன். செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஆறு ராத்திரி தங்குங்க. அந்த ஊர்லயே பப்ளிக் கோர்ஸ் ஏழு இருக்கு: ஓல்டு, நியூ, ஜூபிலி, ஈடன், ஸ்ட்ராத்டைரம், பல்கோவ், கேஸில். இதுல நியூ கோர்ஸ்ங்கறது 1895-ல போட்டது, அவங்களுக்கு அதுதான் புதுசு. முதல் நாள் ஒண்ணும் ஆடாதீங்க, ஜெட் லேக்ல எறங்குனா பாதி பந்து தொலஞ்சிடும். ரெண்டாவது நாள் ஈடன். அப்புறம் நியூ. அப்புறம் கரையோரமா தெற்க எறங்குனா கிரெய்ல், ஈலின்னு ரெண்டு மீனவ ஊரு, பாதி நாள்ல போயிட்டு வந்துடலாம். ஈலில பார்-5, அதாவது அஞ்சு அடில முடிக்க வேண்டிய ஹோல், ஒண்ணு கூட கிடையாது, பதினாறு பார்-4, ரெண்டு பார்-3. அங்க முதல் டீக்கு எதிர்க்க ஒரு மேடு மறைக்கும், முன்னாடி போன கும்பல் நகந்தாச்சான்னு பாக்குறதுக்கு பழைய சப்மரீன்லேந்து கழட்டுன பெரிஸ்கோப்ப ஸ்டார்ட்டர் ரூம்ல நட்டு வெச்சிருக்காங்க. அதுக்குள்ள எட்டிப் பாக்குறதுக்கே போகலாம். கார்னூஸ்டி ஒரு மணி நேரத்துக்குள்ள, அதையும் சேத்துக்குங்க. கடைசி ரெண்டு ராத்திரி நார்த் பெரிக், எடின்பரோலேந்து ரயில்ல அரை மணிதான். அங்க பதிமூணாவது ஹோல்ல கிரீனுக்கு முன்னாடி ஒரு கருங்கல் மதில் குறுக்க ஓடும், நம்ம ஊர் வாய்க்கா வரப்பு மாதிரி, அதைத் தாண்டித்தான் அடிக்கணும்.

இன்னொண்ணு, ஒரு கோர்ஸையாவது ரெண்டு தடவ ஆடுங்க, ஒரு நாள் மேல்காத்துல, ஒரு நாள் கீழ்காத்துல. ரெண்டும் வேற வேற கோர்ஸு. எட்டு கோர்ஸ டிக் அடிக்கிறத விட இது எனக்குப் பெருசாப் பட்டுச்சு. டோர்னாக்கும் அயர்லாந்தும் ரிட்டயர் ஆனப்புறம் போங்க, அது எங்கயும் ஓடிப் போகாது.

ஓல்டு கோர்ஸ்ல ஆட சிபாரிசு வேணுமா? ஒரு வருஷம் முன்னாடியே புக் பண்ணனும்னு பயமுறுத்துறாங்க.
— நெல்லிக்குப்பம் வாசகர்

சிபாரிசு வேணாம், அது பப்ளிக் கோர்ஸ், ஊர் சொத்து, ஒரு டிரஸ்ட் பாத்துக்குது. முன்கூட்டி புக் பண்றதுக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல விண்ணப்பம் போடணும், அது கெடைக்கலன்னா பேலட்டுன்னு ஒரு குலுக்கல் இருக்கு. ரெண்டு நாள் முன்னாடி மதியம் ரெண்டு மணிக்குள்ள பேரு குடுக்கணும், வியாழக்கிழம ஆடணும்னா செவ்வாக்கிழம. குறைஞ்சது ரெண்டு பேரு, நாலு பேரு வரைக்கும். சாயங்காலம் ரிசல்ட் வந்துடும். அதனாலதான் ஆறு ராத்திரி தங்கச் சொன்னேன், தினமும் பேர் போட்டுக்கிட்டே இருக்கலாமே. தனி ஆளா போறவங்களுக்கு வேற குலுக்கல், முந்தின நாள் நேர்ல போய்ப் பேர் பதியணும், ஃபோனுக்கு மெசேஜ் வரும். முன்னாடிலாம் தனி ஆளுங்க ராத்திரி பூரா குளிர்ல வரிசைல உக்காந்திருப்பாங்க, முதல் நாள் முதல் ஷோ டிக்கெட்டுக்கு தியேட்டர் வாசல்ல படுத்த தலைமுறை நாம, நமக்கு அது புரியும், அந்த வரிசைய 2024-ல எடுத்துட்டாங்க.

ஹேண்டிகேப் சான்று கேப்பாங்க, உங்க கிளப்புல வாங்கி பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழம ஓல்டு கோர்ஸ் லீவு. அன்னிக்கு கோர்ஸ் ஊர் ஜனங்களோடது, நாய கூட்டிட்டு வருவாங்க, குழந்தைங்க ஸ்வில்கன் பாலத்துல ஏறி போட்டோ எடுக்கும். சாயங்காலமானா நம்ம பீச் ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு ஜனங்கள நடக்க விடுறாங்கல்ல, அந்த மாதிரி. ஆடக் கெடைக்கலன்னாலும் ஞாயித்துக்கிழம காலாற நடந்து ரோடு ஹோல் பங்கருக்குள்ள எட்டிப் பாத்துட்டு வாங்க. 1978-ல பிரிட்டிஷ் ஓபன்ங்கற பெரிய போட்டில ஜப்பான் நகாஜிமா கிரீன்ல, பந்த உருட்டுற புட்டரால தட்ட, பந்து அந்தப் பங்கர்ல உருண்டு விழுந்து, வெளிய எடுக்க நாலு அடி ஆச்சு, அந்த ஒரு ஹோலுக்கு மொத்தம் ஒம்பது. உள்ள எட்டிப் பாத்தா உங்களுக்கு அவர் மேல மரியாதை வரும்.

2027 ஜூலைல ஓபன் அங்கதான் நடக்கப் போகுது, அந்த சமயத்துல விசிட்டருக்கு இடம் இருக்காது, தேதிய பாத்து வெச்சுக்குங்க.

அண்ணா, நான் ரெண்டு வருஷமா ஆடுறேன். பந்த மேல தூக்கி அடிக்கத்தான் கோச் கத்துக் குடுத்தாரு. காத்துல அது சரியா வராதுங்கறாங்க. போறதுக்குள்ள என்ன பிராக்டிஸ் பண்றது? அப்புறம் அங்க பொம்பளைங்கள உள்ள விடுவாங்களா?
— நெய்வேலி வாசகி

ரெண்டாவது கேள்விய முதல்ல முடிச்சிடுறேன். தாராளமா விடுவாங்க தங்கச்சி. மெம்பர் ஆக்குறதுலதான் அவங்க இழுத்தடிச்சாங்க, செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் 2014-லதான் ஓட்டுப் போட்டு ஒத்துக்கிச்சு, மியூர்ஃபீல்டுங்கற கிளப் 2017 வரைக்கும் பிகு பண்ணுச்சு. ஆனா அதே செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பொம்பளைங்களுக்குன்னே ஒரு புட்டிங் கிளப் 1867-லேந்து இருக்கு. அவங்க புட்டிங் கிரீனுக்குப் பேரு ஹிமாலயாஸ், பேருக்கேத்த மாதிரி மேடும் பள்ளமும், சில பவுண்டு குடுத்தா யார் வேணா ஆடலாம்.

இப்ப காத்து. தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் போறவங்க கிட்ட பேசிப் பாத்திருக்கீங்களா, வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு காத்துக்கு ஒவ்வொரு பேரு வெச்சிருப்பாங்க, எது அடிச்சா எந்தப் பக்கம் பாய விரிக்கணும்னு உடம்புலயே ஏறியிருக்கும். நாம ஃபேன் காத்துல வளந்தவங்க, காத்து அடிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். லிங்க்ஸ்ல முதல் வேலையே அதுதான், கொஞ்சம் புல்ல கிள்ளி வீசிப் பாக்குறது. அங்க பெரும்பாலும் கச்சான் மாதிரி தென்மேற்குலேந்துதான் அடிக்கும், ஆனா மதியத்துல மனசு மாறும்.

அடிக்கிற முறை ரொம்ப சிம்பிள்தான், கைக்குப் பழகணும். செவன் அயர்ன்ங்கற கிளப்ப, அதாவது மட்டைய, எடுத்துக்குங்க, பந்த கொஞ்சம் பின் கால் பக்கம் வெச்சுக்குங்க, கிரிப்ப ஒரு ரெண்டு இன்ச் கீழ புடிங்க, முக்கா ஸ்விங், அடிச்சு முடிச்சதும் கை நெஞ்சு உயரத்தத் தாண்டக் கூடாது. பலமா அடிக்கக் கூடாது, பலமா அடிச்சா பந்து சுழண்டு மேல ஏறும், மேல ஏறுனா காத்து கைல போச்சு. எதிர்காத்துல ரெண்டு கிளப் கூட, அதாவது வழக்கத்த விட தூரம் போற கிளப்ப, எடுத்து மெதுவா அடிக்கணும். வெயில் காலத்துல காஞ்சு இறுகுன ஏரிப் படுக ஏதாவது இருந்தா, ஆள் ஆடு மாடு இல்லாத நேரமா பாத்து, அங்க பிராக்டிஸ் பண்ணுங்க. டிரைவிங் ரேஞ்ச் மேட்ட விட அது ஆயிரம் மடங்கு மேல், தரை எப்படி எதிர்த்து அடிக்கும்னு தெரிஞ்சிடும். கோலி ஆடுனவங்களுக்கு இது சீக்கிரம் வரும்னு எனக்கு ஒரு நெனப்பு.

அப்புறம் புட்டர். என் முதல் டூர்ல உருப்படியா நடந்த ஒரே விஷயம் சொல்றேன். கிரீனுக்கு வெளிய முப்பது யார்டுல நிக்கிறேன், நடுவுல ஒரு மேடு, என் கை தானா பந்த மேல தூக்குற வெட்ஜ தேடுது. என் பைய தூக்கிட்டு வந்த கேடி ஒரு பெரியவரு, எழுவது வயசு இருக்கும், வெட்ஜ பையில தள்ளிட்டு புட்டர எடுத்து நீட்டுனாரு. நான் கொடியப் பாக்குறேன், அவரு என் தோள புடிச்சுத் திருப்பி, ஓட்டைக்கு எடது பக்கம் ஒரு பத்தடி தள்ளி, காஞ்சு பழுப்பா இருந்த ஒரு கையகலப் புல்லுத் திட்டக் காட்டுனாரு. ஓட்டைய மறந்துடு, அதுக்கு அடின்னாரு. அடிச்சேன். பந்து மேட்டுல மூச்சு வாங்கிட்டு ஏறுச்சு, உச்சில ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துச்சு, அப்புறம் வலது பக்கம் சாஞ்சு, இன்னும் சாஞ்சு, ஓட்டைக்கு மூணடில போய் படுத்துச்சு. அவரு ஒண்ணும் பேசல, போயி பந்த எடுத்து ஈரத் துண்டுல துடைச்சுக் குடுத்துட்டு அடுத்த டீக்கு நடக்க ஆரம்பிச்சிட்டாரு. கேடி வெச்சுக்குங்க, ஒரு ரவுண்டுக்காவது. காச நோட்டா கையில வெச்சுக்குங்க, அவங்களுக்கு நேராக் குடுக்குறதுதான் வழக்கம்.

மஞ்சப் பூ பூத்த முள்ளுப் புதர், அதுக்கும் கோர்ஸ்னுதான் (gorse) பேரு, ஆடுற கோர்ஸ் இல்ல, அதுக்குள்ள பந்து போனா கைய விடாதீங்க. மூணு நிமிஷம்தான் தேடலாம், 2019-லேந்து ரூல் அப்படி. ஆழமான பங்கர்ல விழுந்தா முன்னாடி அடிக்கணும்னு வீம்பு புடிக்காதீங்க, பக்கவாட்டுல, தேவப்பட்டா பின்னாடியே கூட அடிச்சு வெளிய வாங்க. 1995 ஓபன்ல ஜாக் நிக்லஸே ஹெல் பங்கர்ல மாட்டி அந்த ஹோல்ல பத்து எடுத்தாரு.

எனக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், மனைவிக்கு இந்தியன் பாஸ்போர்ட். ஸ்காட்லாந்து, அயர்லாந்து ரெண்டும் போகணும். விசா எப்படி?
— முத்தியால்பேட்டை வாசகர்

பாண்டிச்சேரில இல்லாம வேற எந்த ஊர்லயும் இந்தக் கேள்வி வராது! உங்களுக்கு அயர்லாந்து பிரச்சனையே இல்ல, ஐரோப்பிய யூனியன் பிரஜை, பாஸ்போர்ட்ட காட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம். ஸ்காட்லாந்துக்கு விசா வேணாம், ஆனா ஈ.டி.ஏன்னு ஒரு ஆன்லைன் பெர்மிஷன், 2025 ஏப்ரல் 2-லேந்து ஐரோப்பாக்காரங்களுக்கும் கட்டாயம். பழைய ஞாபகத்துல அது இல்லாம ஏர்போர்ட் போனீங்கன்னா ஃபிளைட்லயே ஏத்த மாட்டாங்க.

உங்க வீட்டம்மாவுக்கு யு.கே. விசிட்டர் விசா வேணும், சென்னைல போயி கைரேகை குடுக்கணும். பிரான்ஸ் மாதிரி ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவா குடுக்குற ஷெங்கன் விசா ரெண்டு நாட்டுக்குமே செல்லாது, இத நிறைய பேரு குழப்பிக்கிறாங்க. பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா ஸ்கீம்னு ஒண்ணு இந்தியர்களுக்கு இருக்கு, விசால பி.ஐ.வி.எஸ்னு குறிப்பு இருந்தா ஒரே விசால ரெண்டு நாடும் போகலாம், ஆனா விசா குடுத்த நாட்டுலதான் முதல்ல எறங்கணும். அதாவது யு.கே. விசான்னா ஸ்காட்லாந்து முதல்ல, அப்புறம் டப்ளின். போர்ட்ரஷ், கவுன்டி டவுன்ங்கற ரெண்டு கோர்ஸும் வட அயர்லாந்து, அது யு.கே. கணக்கு. அயர்லாந்துலேந்து கார்ல போனா நடுவுல செக்போஸ்ட் எதுவும் இருக்காது, கோரிமேடு எல்லைய தாண்டுற அளவுக்குக் கூட தெரியாது, அதுக்காக பேப்பர் இல்லாம போயிடாதீங்க.

அயர்லாந்து வேணாம், சொந்தக்காரங்க பாரிஸ்ல இருக்காங்கன்னா பிரான்ஸ்லயே லிங்க்ஸ் இருக்கு. வடக்கால லெ டூக்கேல லா மேர்னு ஒரு கோர்ஸ், ஹாரி கோல்ட் போட்டது, 1931-ல திறந்தது. அதுக்கு வீட்டம்மாவுக்கு ஷெங்கன் போதும்.

இவரு ஆடுவாரு, நான் என்ன பண்றது?
— முதலியார்பேட்டை வாசகி

அவரோட பின்னாடி மட்டும் நடக்காதீங்கம்மா, அஞ்சு மணி நேரம், அதுல பாதி நேரம் பந்து தேடுறது. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இடிஞ்ச பெரிய கதீட்ரல் இருக்கு, 1413-ல ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி, வெஸ்ட் சாண்ட்ஸ்னு நீளமான பீச், தண்ணில கால வைக்க முடியாது, ஜில்லுனு எலும்புல ஏறும். ஹிமாலயாஸ்ல நீங்களும் ஒரு ரவுண்டு ஆடுங்க, புட்டர் மட்டும்தான், அவர தோக்கடிக்க அங்கதான் வாய்ப்பு. எடின்பரோக்கு ரயில் புடிக்கணும்னா லூக்கர்ஸ் ஸ்டேஷனுக்கு பஸ்ல போகணும், செயின்ட் ஆண்ட்ரூஸுக்குள்ள ரயில் கிடையாது.

சைவமா இருந்தா ஒண்ணு கவனிங்க, அங்க பருப்பு சூப்னு போர்டு இருக்கும், ஆசையா குடிச்சுடாதீங்க, நிறைய இடத்துல பன்னி எலும்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. நான் எப்பவும் பையில இட்லிப் பொடியும் வறுத்த பண்ருட்டி முந்திரியும் வெச்சிருப்பேன். பால் ஸ்வீட்டு, நெய் எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க, ஏர்போர்ட்டுல புடுங்கிடுவாங்க. இறால் தொக்கும் வேணாம், பையே நாறிடும்.

பகி (கோர்ஸ்ல ஏறிப் போற சின்ன வண்டி) கெடைக்குமா?
— திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

டாக்டர் சர்டிபிகேட் இருந்தா சில இடத்துல. மத்தபடி நடைதான், ஒரு ரவுண்டுக்கு ஒம்பது பத்து கிலோமீட்டர், மணல்மேட்டுல ஏறி எறங்கி. இன்னிலேந்தே நடக்க ஆரம்பிங்க.

எட்டு லட்சம் பத்து லட்சம்ங்கறாங்க. பேங்க் கிளார்க்கா ரிட்டயர் ஆனவன், சின்ன பட்ஜெட்ல போக முடியாதா?
— கடலூர் ஓ.டி. வாசகர்

முடியும், பேருக்கு மயங்காம இருந்தா. ஓல்டு கோர்ஸ்ல சீசன்ல ஒரு ரவுண்டு 300 பவுண்டுக்கு மேல. அதே ஊர்ல, அதே மணல்ல, அதே காத்துல ஸ்ட்ராத்டைரம் இருக்கு, பல்கோவ்ல ஒம்பது ஹோல் இருக்கு, அதுல ஒரு சின்ன பங்குதான் ஆகும். ஜூன்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால சாயங்கால ரேட்டுன்னு நிறைய கோர்ஸ்ல தனியா கொறைச்சுப் போடுவாங்க, நாலு மணிக்கு மேல எறங்குனாலும் பதினெட்டு முடிச்சிடலாம். கும்பலும் இருக்காது. நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் ரேட் இன்னும் கொறையும், ஆனா நம்ம ஒடம்புக்கு அந்தக் குளிர் வேணாம் சார், மார்கழிப் பனிக்கே மங்கி குல்லா போடுற ஊரு நம்மளது.

எடின்பரோ பக்கத்துல மஸல்பரோ ஓல்டு லிங்க்ஸ், ஒம்பது ஹோல், குதிரப் பந்தய மைதானத்துக்குள்ளயே இருக்கு. கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ள ஆடிப் பழகுனவங்களுக்கு சொந்த வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். சாதாரணமா நெனைக்காதீங்க, 1874-லேந்து 1889-க்குள்ள ஆறு தடவ ஓபன் நடந்த இடம். பழைய கால ஹிக்கரி மரக் கிளப் வாடகைக்கு எடுத்து ஆடலாம். இன்னும் வடக்க போனா பிரோரான்னு ஒரு கோர்ஸ், அங்க ரொம்ப காலமா ஆடும் மாடும் ஃபேர்வேல, அதாவது ஆடுற புல்வெளில, மேஞ்சுச்சு, கிரீன மிதிக்காம இருக்க சுத்தி கரெண்டு கம்பி போட்டிருந்தாங்க. பந்து சாணில விழுந்தா என்ன பண்றதுன்னு தனி ரூலே இருந்துச்சு. நமக்கு மாட்டோட ஆடுறது புதுசா என்ன.

ஃபிளைட்டுக்கு சென்னைலேந்து நேரா லண்டன் போயி ரயில் புடிக்கலாம், இல்ல துபாய், தோஹா வழியா எடின்பரோலயே எறங்கலாம். கிட் பேக தூக்கிட்டுப் போனா அதுக்குத் தனி எடை, தனி கவலை. என்னோடது ஒரு தடவ நான் போயி ரெண்டு நாள் கழிச்சுதான் வந்துச்சு, அது வரைக்கும் வாடகைக் கிளப்ல ஆடுனேன், ஸ்கோர்ல ஒரு வித்தியாசமும் இல்லங்கறதுதான் அவமானம். புட்டரும் ஷூவும் மட்டும் எடுத்துட்டுப் போங்க. கையில காசு மிச்சம் இருந்தா நல்ல மழைக் கோட்டும் பேண்ட்டும் வாங்குங்க, ரெண்டு கைக்கும் மழை கிளவுஸ். குடை வேணாம், ரெண்டாவது ஹோல்ல குடை காக்கா மாதிரி பறந்துடும்.

நம்ம சில்வர் பீச்சுலயே ஒரு லிங்க்ஸ் கோர்ஸ் போட்டா டூரிசம் பிச்சுக்கும்ல?
— செம்மண்டலம் வாசகர்

வேணாம் சார். அந்தப் புல்லு குளுருக்கு வளர்ற புல்லு, நம்ம மே மாச வெயில்ல கருகிடும், அத பச்சையா வெச்சுக்க ஊர் தண்ணி பூரா ஊத்தணும், ஊத்துனா தரை மெத்தையாயிடும், அப்புறம் அது லிங்க்ஸே இல்ல. ஸ்காட்லாந்துல அது சும்மா கெடந்த மணல். இங்க அந்த மணல்லதான் வலை காயுது, கருவாடு காயுது, படகு ஏறுது. 2004 டிசம்பர்ல சுனாமி வந்தப்பவும் 2011 கடைசில தானே புயல் அடிச்சப்பவும் பாத்தோம்ல, மணல்மேடுன்னு ஒண்ணு இருந்த இடமும் இல்லாத இடமும் எப்படி இருந்துச்சுன்னு. கொடியும் புல்லும் புடிச்சு வெச்சிருக்கற மேட்ட வெட்டி கிரீன் ஆக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இந்தியாக்காரங்க யாராச்சும் அந்தக் காத்துல ஜெயிச்சிருக்காங்களா?
— அரியாங்குப்பம், கல்லூரி மாணவர்

ஜெயிச்சிருக்காங்க தம்பி. 2012-ல ஜீவ் மில்கா சிங் ஸ்காட்டிஷ் ஓபனையே தூக்கிட்டு வந்தாரு, இன்வர்னஸ் பக்கத்துல காஸில் ஸ்டூவர்ட் லிங்க்ஸ்ல. 2023-ல ஹாய்லேக்ல நடந்த ஓபன்ல சுபங்கர் சர்மா எட்டாவது இடத்த பகிர்ந்துக்கிட்டாரு, ஓபன்ல நம்ம ஆளுங்க எடுத்ததுல அதுதான் பெஸ்ட்.

கார்னூஸ்டில கடைசி ஹோல்ல ஓடைய தாண்டி அடிக்கவா, முன்னாடியே நிறுத்தவா? ஹேண்டிகேப் 22.
— குருசுக்குப்பம் வாசகர்

குருசுக்குப்பத்துலேந்து கேக்குறீங்க, உங்களுக்கு பிரெஞ்சுக்காரர் கதைதான் சொல்லணும். 1999 ஓபன், ழான் வான் டி வெல்ட், கடைசி ஹோல் டீல நிக்கிறப்ப மூணு ஷாட் லீடிங். ஆறு எடுத்தாலே கப்பு கையில. மனுஷன் அடக்கி வாசிக்கல, டிரைவர எடுத்தாரு, அடுத்தது ஸ்டாண்டுல பட்டுத் தெறிச்சு ரஃப்ங்கற நீளப் புல்லுல விழுந்துச்சு, அடுத்தது பேரி பர்ன் ஓடைல. ஷூவ கழட்டிட்டு, பேண்ட்ட முழங்காலுக்கு மேல மடிச்சு விட்டுட்டு தண்ணில எறங்கி, பந்த அடிக்கலாமா வேணாமான்னு நிக்கிறாரு, உலகமே டிவில பாக்குது. கடைசில ஏறி வந்து பெனால்டி எடுத்து, பங்கர்ல விழுந்து, மொத்தம் ஏழு. அப்புறம் பிளே ஆஃப்ல பால் லாரி ஜெயிச்சாரு.

நீங்க 22 ஹேண்டிகேப். ஓடைக்கு முன்னாடி ஒரு செவன் அயர்ன்ல நிறுத்துங்க, அப்புறம் வெட்ஜ், ரெண்டு புட்டு, அஞ்சோ ஆறோ போட்டுட்டு கிளப்ஹவுஸ்ல சூடா ஏதாவது குடிங்க. அப்படியும் விழுந்துச்சுன்னா ஷூவ கழட்டாதீங்க, அந்தத் தண்ணி நம்ம கெடிலம் மாதிரி வெதுவெதுப்பா இருக்காது.